கடைசியில எதுக்குங்க எல்லாரையும் சுட்டாங்க?

"படம் நல்லாத்தானுங்க போச்சு. கடைசியில எதுக்குங்க அத்தனை பேரையும் சுட்டுப் போட்டாங்க?"

'ஜிகர்தண்டா டபுள்எக்ஸ்' பற்றிக் கோயம்புத்தூரில் எங்கே பேச்சு எடுத்தாலும் இந்தக் கேள்வி வந்துவிடுகிறது. 2023 தீபாவளிக்கு, நவம்பர் 10ஆம் தேதி வந்த கார்த்திக் சுப்பராஜ் படம். தியேட்டரில் பார்த்தவர்கள் ஒரு தரம் பேசி முடித்தார்கள். அப்புறம் போனிலும் டிவியிலும் பார்த்தவர்கள் ஆரம்பித்தார்கள். பேக்கரி வாசலில் டீ கிளாஸோடு நிற்கும் நாலு பேரைக் கேட்டால் நாலு விதமாகச் சொல்வார்கள். முதல் பாதி ஜாலி, ரெண்டாம் பாதி இழுவை என்பார் ஒருவர். பக்கத்திலேயே நிற்பவர், இல்லைங்க, ரெண்டாம் பாதிதான் படமே, முதல் பாதியை வெட்டி எறிந்திருக்கலாம் என்பார். கல்லூரிப் பிள்ளைகளில் பலருக்கு அந்தக் கடைசி அரை மணி நேரம் நெஞ்சை அடைத்துவிட்டது. மில்லில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒரு பெரியவர் என்னிடம் சொன்னதுதான் எல்லாவற்றிலும் அழுத்தமான கருத்து: "கெடா வெட்டுன்னு கூப்பிட்டுப் போட்டுக் கருமாதிச் சோறு போட்ட மாதிரி இருந்துச்சுங்க."

அவர் சொன்னதை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. ஐம்பது வருஷமாகப் படம் பார்க்கிறவர். ஏமாந்ததாக அவர் உணர்கிறார் என்றால் ஏதோ ஒரு வாக்கு மீறப்பட்டிருக்கிறது என்று அர்த்தம். மீறப்பட்டது நிஜம்தான். தெரிந்தே, யோசித்தே மீறினார்கள் என்பது என் கட்சி. அது என்ன வாக்கு, ஏன் மீறினார்கள் என்பதைக் கொஞ்சம் பொறுமையாகப் பார்க்கலாம். டீ சொல்லுங்க.

வெஸ்டர்ன் படத்தின் அடிப்படை ரொம்ப எளிமையானது. 19ஆம் நூற்றாண்டின் பிற்பாதி, அமெரிக்காவின் மேற்குப் பகுதி. கோர்ட்டும் போலீஸும் இன்னும் சரியாக வந்து சேராத ஊர். ஒருத்தன் ஊரையே மிரட்டி வைத்திருப்பான். எங்கிருந்தோ குதிரையில் இன்னொருத்தன் வருவான். கடைசியில் இரண்டு பேரும் எதிரெதிரே நிற்பார்கள், நல்லவன் கை முந்திக்கொள்ளும், ஊர் பிழைத்துக்கொள்ளும். அந்த மண்ணில் காலங்காலமாக இருந்த செவ்விந்திய மக்கள் இந்தக் கதையில் எங்கே? குன்றுக்குப் பின்னாலிருந்து கூச்சல் போட்டபடி வந்து சுடப்பட்டு விழுகிறவர்கள், பெரும்பாலும் அவ்வளவுதான்.

இந்தக் கதையமைப்பு நம் ஊருக்கு ரொம்பப் பழக்கமானது. 1954இல் நம் கோவை பட்சிராஜா ஸ்டூடியோவில் ஸ்ரீராமுலு நாயுடு 'மலைக்கள்ளன்' எடுத்தார். நாமக்கல் கவிஞர் ராமலிங்கம் பிள்ளையின் நாவல், மு.கருணாநிதியின் வசனம், எம்.ஜி.ஆர்., பானுமதி. குடியரசுத் தலைவரின் வெள்ளிப் பதக்கம் வாங்கிய படம். கச்சிதமான அர்த்தத்தில் அது வெஸ்டர்ன் இல்லை. ஆனால் குதிரை உண்டு, மலை உண்டு, சட்டம் 'கள்ளன்' என்று முத்திரை குத்திய ஒருவன்தான் நியாயம் செய்கிறவன் என்ற நினைப்பும் உண்டு. கதை எழுதியவரும் கொங்குக்காரர், எடுத்த இடமும் கொங்கு.

அப்புறம் வந்தவர் கர்ணன். ஒளிப்பதிவாளராக இருந்து இயக்குநர் ஆனவர். ஜெய்சங்கரை வைத்து 1970இல் 'காலம் வெல்லும்', 1972இல் 'கங்கா', 'ஜக்கம்மா' என்று வரிசையாகக் குதிரையும் துப்பாக்கியுமாக எடுத்தார். தொப்பி, பூட்ஸ், இடுப்பில் தோட்டா வரிசை. இத்தாலியில் செர்ஜியோ லியோனே எடுத்த படங்களை எல்லோரும் பார்த்திருக்க முடியாது. ஜெய்சங்கர் படத்தை எல்லோரும் பார்த்தார்கள். சிவகாசியிலிருந்து வந்த முத்து காமிக்ஸ், லயன் காமிக்ஸ் புத்தகங்கள் பள்ளிப் பையன்களின் பைக்குள் வேலையைச் செய்தன. டெக்ஸ் வில்லர் பெயரைச் சொன்னாலே முகம் மலர்கிற ஐம்பது வயதுக்காரர்கள் இன்றைக்கும் இருக்கிறார்கள்.

இந்த வரிசையில் எனக்கு மிக நெருக்கமானவர் சாண்டோ சின்னப்பா தேவர். நம் கோவை ராமநாதபுரத்துக்காரர். பங்கஜா மில்லில் வேலை பார்த்து, உடற்பயிற்சி செய்து உடம்பை ஏற்றி, சின்னச் சின்ன வேஷம் போட்டு, பெரிய படக் கம்பெனியே நடத்தியவர். அவருடைய தேவர் ஃபிலிம்ஸ்தான் 1978இல் ரஜினிகாந்தின் தலையில் கௌபாய் தொப்பியை வைத்தது. படம் 'தாய் மீது சத்தியம்'. அவருடைய மருமகன் ஆர்.தியாகராஜன் இயக்கம். அந்தத் தீபாவளிக்குப் படம் வந்தபோது தேவர் உயிரோடு இல்லை. செப்டம்பர் 8ஆம் தேதியே காலமாகிவிட்டார். பெற்றோரைக் கொன்றவர்களை மகன் தேடிப் போய்க் கணக்குத் தீர்ப்பதுதான் கதை. விலங்குகளும் உதவிக்கு வரும், தேவர் படமாயிற்றே. படம் முடியும்போது ஒரு கணக்கும் பாக்கி இருக்காது. அந்தப் பெரியவர் எதிர்பார்த்த வாக்கு இதுதான்: துப்பாக்கி எடுத்த நல்லவன் கணக்கைத் தீர்த்துத் தருவான், நாம் நிம்மதியாக வீட்டுக்குப் போகலாம்.

இந்த வாக்கை இரண்டு விதமாகத் திருப்பிப் போடலாம். ஒன்று, கேலி செய்வது. 2010இல் சிம்புதேவன் 'இரும்புக்கோட்டை முரட்டுச் சிங்கம்' எடுத்தார். அதில் ஊரின் பெயரே ஜெய்சங்கர்புரம். நாசர் வில்லன், ராகவா லாரன்ஸ் கதாநாயகன். ஜெய்சங்கரையும் காமிக்ஸையும் தின்று வளர்ந்தவர்கள் காட்சிக்குக் காட்சி கைதட்டினார்கள். அந்தப் பழக்கமில்லாதவர்கள், தமிழ்நாட்டில் எதற்கு இந்தத் தொப்பி என்று கேட்டு எழுந்து போனார்கள். எனக்கு அந்தப் படம் பிடிக்கும். வல்லரசு அரசியலைக் கிண்டல் செய்யும் இடங்களில் அதன் துணிச்சல் இன்னும் பிடிக்கும். ஆனால் பழங்குடித் தலைவர் பேசுகிற பாஷையை வெறும் சிரிப்புக்கு வைத்திருப்பது இன்றைக்குப் பார்க்கையில் உறுத்துகிறது. பழைய வெஸ்டர்ன் செய்த அதே தப்பை, அதைக் கேலி செய்ய வந்த படமும் செய்துவிட்டது.

இரண்டாவது வழி, கதையை மறுபக்கத்திலிருந்து சொல்வது. இதைத்தான் விமர்சகர்கள் மறுவாசிப்பு வெஸ்டர்ன் என்கிறார்கள். அமெரிக்காவில் அது வேகம் பிடித்தது 1970 வாக்கில். வியட்நாமில் போர் நடந்துகொண்டிருந்தது. மை லாய் கிராமத்தில் 1968இல் அமெரிக்கச் சிப்பாய்கள் ஊர் மக்களைக் கொன்ற செய்தி வெளியே வந்திருந்தது. சிப்பாய் எப்போதும் நல்லவன் என்று படம் எடுக்க அதற்குமேல் முடியவில்லை. 1970இல் 'லிட்டில் பிக் மேன்', 'சோல்ஜர் ப்ளூ' இரண்டும் வந்தன. 'சோல்ஜர் ப்ளூ' படத்தின் கடைசிப் பகுதி முழுவதும் ஒரு படுகொலை. கொலராடோவின் சாண்ட் க்ரீக்கில் 1864 நவம்பர் 29 அன்று செயென், அரபாஹோ மக்களைக் குதிரைப்படை வெட்டிச் சாய்த்ததை வைத்து எடுத்தது. அன்றைக்கும் பார்த்தவர்கள் கேட்டது இன்றைக்கு நம் ஊரில் கேட்கிற கேள்விதான்: கடைசியில் எதற்கு இத்தனை ரத்தம்? அமெரிக்காவில் அந்தப் படம் சரியாகப் போகவில்லை, இங்கிலாந்தில் நன்றாக ஓடியது.

ஒரே படத்தைப் பார்த்துப் பெரிய விமர்சகர்களே நேரெதிராகப் பிரிவதற்கு ஜிம் ஜார்முஷ் 1995இல் எடுத்த 'டெட் மேன்' நல்ல உதாரணம். கறுப்பு வெள்ளைப் படம். ஜானி டெப் ஒரு கணக்குப்பிள்ளை. வேலை தேடி மேற்கே ரயில் ஏறி, போன ஊரில் குண்டடிபட்டு, படம் முழுக்கச் செத்துக்கொண்டே போகிறான். வழித்துணைக்கு ஒரு செவ்விந்தியர். நீல் யங் படத்தை ஓடவிட்டுப் பார்த்தபடியே கிட்டாரில் மனசுக்கு வந்ததை வாசித்ததுதான் இசை. ரோஜர் ஈபர்ட் நாலுக்கு ஒன்றரை நட்சத்திரம் கொடுத்து ஒதுக்கினார். ஜொனாதன் ரோசன்பாம் இதற்கென்றே தனிப் புத்தகம் எழுதினார். படத்தைப் பார்க்கிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். செவ்விந்தியர்கள் தங்கள் மொழியில் பேசும் இடங்களுக்கு ஜார்முஷ் சப்டைட்டில் போடவில்லை. அந்த மொழி தெரிந்தவர்களுக்கு மட்டும் அது புரியட்டும் என்று விட்டுவிட்டார். சிரிப்புக்கு வைப்பதற்கும் இதற்கும் எத்தனை தூரம் பாருங்கள்.

இந்த மாதிரிப் படங்களில் அடிக்கடி ஒரு ஆள் வருவார்: கதை எழுதுகிறவர். கிளின்ட் ஈஸ்ட்வுட் 1992இல் எடுத்து நடித்த 'அன்ஃபர்கிவன்' படத்தில் துப்பாக்கி வீரர்களின் பின்னாலேயே ஒரு எழுத்தாளர் அலைவார், அவர்கள் அளக்கிற பொய்களைச் சரித்திரமாக எழுதிக்கொண்டே. அதற்கு முப்பது வருஷம் முன்னால் ஜான் ஃபோர்டின் 'தி மேன் ஹூ ஷாட் லிபர்ட்டி வேலன்ஸ்' படத்தில் பத்திரிகைக்காரர்கள் அந்த இடத்தில் இருந்தார்கள். ஏன் இவர்களைக் கொண்டுவருகிறார்கள்? யார் யாரைச் சுட்டார்கள் என்பதைவிட, சுட்டதை யார் எப்படிச் சொல்லி வைத்தார்கள் என்பதுதான் இவர்களுக்கு விஷயம். ஜெயித்தவன் சொன்னதுதானே இத்தனை நாளும் கதையாக இருந்தது.

இப்போது 'ஜிகர்தண்டா டபுள்எக்ஸ்' போஸ்டரை நினைத்துப் பாருங்கள். ராகவா லாரன்ஸ் கையில் துப்பாக்கி, எஸ்.ஜே.சூர்யா கையில் கேமரா. இரண்டுக்கும் ஒரே பிடி. மதுரை ரவுடி சீஸராக வரும் லாரன்ஸைக் கொல்ல, சத்யஜித் ராயிடம் தொழில் கற்ற இயக்குநர் ரே தாசன் என்று பொய் சொல்லிக்கொண்டு போகிறான் கிருபை, அதாவது சூர்யா. தன்னை வைத்துப் படம் எடுக்க ஆள் தேடுகிறான் சீஸர், கறுப்பாக இருப்பவனுக்குக் கதாநாயகன் ஆகும் முகமில்லை என்று ஒரு நடிகன் அவமானப்படுத்திவிட்டதால். எடுக்கப் போகிற படத்துக்குப் பெயர் 'பாண்டியா வெஸ்டர்ன்'. கதை நடப்பது 1975இல். அந்த வருஷம் ஆகஸ்ட் 15 அன்றுதான் 'அபூர்வ ராகங்கள்' மூலம் ரஜினிகாந்த் திரைக்கு வந்தார். மூன்று வருஷத்தில் தேவர் அவரைக் குதிரையில் ஏற்றினார். சீஸர் ஆசைப்பட்டது நடக்கவே முடியாததில்லை என்பதை நம் ஊர்க்காரர் ஒருவர் நிரூபித்திருக்கிறார். பிறர் எடுக்க மாட்டேன் என்கிற கதையில் தன் முகத்தைப் பார்க்க ஆசைப்படுவது சின்ன ஆசை இல்லை.

ரே தாசன் எடுப்பது முதலில் பொய்ப் படம். நிஜமாக ஒரு வீரச் செயல் செய்தால்தான் படம் நன்றாக வரும் என்று சொல்லி, சீஸரை அவன் பிறந்த பழங்குடி மலைக் கிராமத்துக்கே கூட்டிப்போகிறான். அங்கே தந்தத்துக்காக யானைகளைக் கொல்லும் ஷெட்டானி. சீஸர் அவனைப் பிடித்துவிடுகிறான். தேவர் படமாக இருந்தால் இங்கே சுபம் போட்டிருப்பார்கள். இந்தப் படத்தில் இங்கேதான் நிஜமான எதிரி வருகிறது, அரசாங்கத்தின் துப்பாக்கிகளோடு. ஒருத்தனோடு ஒருத்தன் எதிரெதிரே நின்று தீர்க்கிற கணக்கு இல்லை அது. அதனால் சீஸர் துப்பாக்கியைவிடக் கேமராவை நம்புகிறான். மக்கள் பறையடித்து ஆடிக்கொண்டு நிற்க, குண்டுகள் வர, கேமரா ஓடிக்கொண்டே இருக்கிறது. கொல்ல வந்தவன் இப்போது சாட்சி சொல்ல உட்கார்ந்திருக்கிறான். அந்த இடத்தில் எஸ்.ஜே.சூர்யாவின் முகத்தை மட்டும் பாருங்கள். அவர் எத்தனை பெரிய நடிகர் என்பதற்கு அதுபோதும்.

கடைசியில் எதற்குச் சுட்டார்கள் என்ற கேள்விக்கு என் பதில் சினிமாவுக்கு வெளியே இருக்கிறது. கோயம்புத்தூரிலிருந்து சத்தி வழியாக மைசூர் போகிறவர்கள் பண்ணாரியில் விபூதி வைத்துக்கொண்டு, திம்பத்தின் 27 கொண்டை ஊசி வளைவுகளை ஏறி, மேலே குளிர் காற்றில் ஒரு டீ குடித்துவிட்டுப் போவோம். அந்தச் சாலைக்கு இரண்டு பக்கமும் இருக்கும் காட்டில்தான் சோளகர் பழங்குடி மக்களின் குடியிருப்புகளான தொட்டிகள் இருக்கின்றன. யானைத் தந்தத்தில் தொழிலைத் தொடங்கிய வீரப்பனைப் பிடிக்கிறோம் என்று இரண்டு மாநில அதிரடிப் படைகள் அந்த மக்களை என்ன செய்தன என்பது வெளியே வரப் பல வருஷமானது. தேசிய மனித உரிமை ஆணையம் நீதிபதி சதாசிவா குழுவை அமைத்து விசாரித்தது. 2007இல் 89 பேருக்கு இழப்பீடு கொடுக்கச் சொன்னது. பவானியில் வக்கீலாக இருக்கும் ச.பாலமுருகன் 2004இல் 'சோளகர் தொட்டி' நாவலில் அந்தக் காலத்தை எழுதினார். கொங்கு நாட்டிலிருந்து வந்த நாவல்களில் என் கையில் அதிகம் கனத்தது அதுதான்.

இன்னொரு ஊரும் உண்டு: தர்மபுரி மாவட்டம், அரூருக்கு அருகில், சித்தேரி மலையடிவாரத்தில் வாச்சாத்தி. 1992 ஜூன் 20 அன்று சந்தன மரம் தேடுகிறோம் என்று வனத்துறை, போலீஸ், வருவாய்த்துறை ஆட்கள் ஊருக்குள் புகுந்தார்கள். 18 பெண்களைப் பாலியல் வன்கொடுமை செய்தார்கள். ஆண் பெண் பார்க்காமல் அடித்தார்கள், வீடுகளை இடித்தார்கள், ஆடு மாடுகளைக் கொன்றார்கள். குற்றம் சாட்டப்பட்டவர்கள் 269 அரசு ஊழியர்கள். விசாரணை முடிவதற்குள் 54 பேர் இறந்துபோனார்கள்; மிச்சம் 215 பேரும் குற்றவாளிகள் என்று தர்மபுரி நீதிமன்றம் 2011 செப்டம்பர் 29 அன்று தீர்ப்புச் சொன்னது. சென்னை உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்தது 2023 செப்டம்பர் 29 அன்று. ஆறு வாரம் கழித்து 'ஜிகர்தண்டா டபுள்எக்ஸ்' தியேட்டருக்கு வந்தது.

வாச்சாத்தியை மனதில் வைத்துக்கொண்டு அந்தக் கடைசி அரை மணி நேரத்தைப் பார்த்தவர்களுக்கு அது இழுவையாக இருந்திருக்காது. படத்தின் மற்ற எல்லாமே அங்கே வந்து சேர்வதற்காகப் போடப்பட்ட பாதை என்று தெரிந்திருக்கும். நல்லவன் கை முந்தியிருந்தால் நமக்கு நிம்மதி கிடைத்திருக்கும். அந்த நிம்மதி பொய்யாக இருந்திருக்கும்.

அதற்காகப் பார்த்தவர்கள் சொன்ன குறையெல்லாம் தப்பு என்று நான் சொல்லமாட்டேன். படம் மூன்று மணி நேரத்துக்குக் கொஞ்சம்தான் குறைவு. மதுரை ரவுடிக் காட்சிகளில் இருபது நிமிஷத்தைக் கண்ணை மூடிக்கொண்டு எடுத்துவிடலாம். ஷெட்டானியை அத்தனை பூதமாகக் காட்டியது நல்லதில்லை. அவனுடைய கொடூரத்தையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டால், சட்டை மடிப்புக் கலையாமல் கையெழுத்துப் போடுகிறவர்களின் கொடூரம் சின்னதாகத் தெரிந்துவிடும். பலரும் சொல்லாத ஒரு குறை எனக்கு உண்டு. எடுத்த படம் தியேட்டர்களில் ஓடியதும் ஊர் கொதித்து எழுகிறது, உண்மை ஜெயிக்கிறது. சினிமாவுக்கு அத்தனை சுலபமான வெற்றியைக் கொடுத்திருக்க வேண்டாம்.

வாச்சாத்தியில் கேமரா கிடையாது. அந்தப் பெண்களே நீதிமன்றத்தில் நின்று, அடையாளம் காட்டி, சாட்சி சொன்னார்கள். பழங்குடி மக்கள் சங்கமும் மார்க்சிஸ்ட் கட்சித் தோழர்களும் கூடவே நின்றார்கள். முதல் தீர்ப்புக்கு 19 வருஷம், மேல்முறையீடு முடிய 31 வருஷம் ஆனது. ஈஸ்ட்வுட்டுக்கே 'ஜிகர்தண்டா டபுள்எக்ஸ்' பற்றிய சேதி போய், கையில் இருக்கும் படத்தை முடித்துவிட்டுப் பார்க்கிறேன் என்று அவர் தரப்பிலிருந்து பதில் வந்தபோது நம்மவர்கள் கொண்டாடினார்கள். எனக்கும் சந்தோஷம்தான். வாச்சாத்திப் பெண்களின் பெயரையும் நம்மில் அத்தனை பேர் தெரிந்து வைத்திருக்க வேண்டும் என்பதுதான் என் ஆசை.

அதனால் அந்தப் பெரியவருக்கும், அவரைப் போல ஏமாந்ததாக உணர்ந்தவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். 'சோளகர் தொட்டி'யைப் படியுங்கள். அதிகப் பக்கமில்லை, இரண்டு மூன்று நாளில் முடித்துவிடலாம். அப்புறம் ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து இந்தப் படத்தின் இரண்டாம் பாதியை மட்டும் திரும்பப் பாருங்கள். அதற்குப் பிறகும் அந்த முடிவு வேண்டாத முடிவு என்று தோன்றினால் சொல்லுங்கள், கேட்டுக்கொள்கிறேன்.